உடைந்த கண்ணாடி, கொட்டிய எண்ணெய், சிதறிய பாதரசம்: மலை வீடுகளுக்கான கேள்வி பதில்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் பக்கத்து வீடுகளையும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளையும் ஹோம்ஸ்டேக்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. கொடைக்கானல்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். சமவெளியில் சொல்லும் யோசனைகள் சில இங்கே சரிவராது. குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்தே வைத்திருப்போம். நனைந்தது காய நாளாகும். பழைய வீடுகளில் தரை மரப்பலகையாக இருக்கும். வாசலுக்கு வெளியே எறிவது எதுவானாலும் மழையோடு சரிவில் இறங்கி இன்னொருவர் காலடிக்குப் போய்ச் சேரும். அதனால், கொட்டியதையும் உடைந்ததையும் அள்ளுவதோடு அது கடைசியில் எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அசையாமல் நிற்க வேண்டும். பதறிப்போய்க் குனிந்து அள்ளும்போதுதான் பலருக்குக் கையில் வெட்டு விழுகிறது. நின்ற இடத்திலிருந்தே "யாரும் உள்ளே வராதீங்க" என்று குரல் கொடுங்கள். குழந்தை பக்கத்தில் இருந்தால் தூக்கிக் கட்டில்மேல் உட்கார வையுங்கள், நாய் பூனையை வேறு அறையில் அடையுங்கள். நீங்கள் வெறுங்காலோடு இருந்தால் நகராதீர்கள். யாரையாவது செருப்பு கொண்டுவந்து போடச் சொல்லுங்கள்.

கம்பளிச் சாக்ஸ் போட்டிருக்கிறேனே என்பார்கள். அது பாதுகாப்பே இல்லை. சில்லு அந்த நூலில் மாட்டிக்கொண்டு கட்டில் வரைக்கும் வரும், அப்புறம் ராத்திரி போர்வைக்குள் குத்தும். அடி தடித்த செருப்போ ரப்பர் பூட்ஸோ போட்டபின்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கைக்குத் தோட்ட வேலைக்கு வைத்திருக்கும் கனமான கையுறை நல்லது. பாத்திரம் தேய்க்கும் மெல்லிய ரப்பர் கையுறையைக் கண்ணாடி கிழித்துவிடும்.

பூந்துடைப்பத்தால் பெருக்கலாமா?

வேண்டாம். பூந்துடைப்பத்தின் இழைகளுக்குள் பொடிச் சில்லு போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் படுக்கையறையைப் பெருக்கும்போது அங்கே உதிரும், துடைப்பத்தைக் கையால் தட்டுபவரின் உள்ளங்கையிலும் ஏறும். பெரிய துண்டுகளைக் கையுறையோடு ஒவ்வொன்றாக எடுங்கள். மிச்சத்தை இரண்டு தடித்த அட்டைகளால் ஒன்றாகத் தள்ளி, தகர முறத்திலோ பிளாஸ்டிக் முறத்திலோ அள்ளுங்கள். மூங்கில் முறத்தின் பின்னலில் சில்லு சிக்கும் என்பதால் அது இதற்கு ஆகாது. தென்னந்துடைப்பம் இருந்தால் பயன்படுத்தலாம். முடித்ததும் வெளியே கொண்டுபோய்க் கழுவிவிடுங்கள்.

பெரிய துண்டெல்லாம் எடுத்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாத பொடியை எப்படி எடுப்பது?

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத சில்லு, பக்கவாட்டு வெளிச்சத்தில் மினுங்கும், நிழலும் விழும். உடைந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேடையிலிருந்து விழுந்த டம்ளரின் சில்லு அறையின் மறுகோடி வரை தெறிக்கும். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், மிதியடிக்கு அடியில், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குள் எல்லாம் பாருங்கள்.

பொடியை எடுக்க, நாளிதழையோ டிஷ்யூ பேப்பரையோ நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். சப்பாத்திக்குப் பிசைந்த மாவு ஒரு உருண்டை இருந்தால் இன்னும் நன்றாக ஒட்டி எடுக்கும். கையுறையோடு மெதுவாக உருட்டினால் போதும். அந்த மாவைக் கண்ணாடியோடு சேர்த்தே கட்டி எறிய வேண்டும். கோழிக்கோ மாட்டுக்கோ போட்டுவிடக் கூடாது. கடைசியாக ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, அந்தத் துணியையும் எறிந்துவிடுங்கள். அலசி மறுபடி மேடை துடைக்க எடுத்தால் செய்த வேலை வீண்.

மரப்பலகைத் தரை, கம்பளம் என்றால்?

பலகை இடுக்கில் போன சில்லை விரலால் நோண்டாதீர்கள். அகலமான ஒட்டுநாடாவை இடுக்கின்மேல் அழுத்தி ஒட்டி எடுங்கள். வராததைப் பழைய பல் பிரஷ்ஷால் கிளப்பி மறுபடி ஒட்டி எடுங்கள். கம்பளத்தைப் பலர் வீட்டுக்குள்ளேயே உதறுவார்கள். அப்படிச் செய்யாமல், விரித்தபடியே ஒட்டுநாடாவால் எடுத்தபின் மெதுவாகச் சுருட்டி, சிமெண்ட் முற்றத்தில் குப்புறப் போட்டுத் தட்டி, அங்கே விழுவதையும் அள்ளிவிட வேண்டும். புல்தரையில் தட்டினால் விழுந்ததைத் தேடி எடுக்க முடியாது.

குளிர்காலத்தில் டம்ளர், ஃபிளாஸ்க் எல்லாம் தானாகவே உடைகிறதே?

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் அலமாரியில் இருக்கும் கண்ணாடி டம்ளர் ஜில்லென்று குளிர்ந்திருக்கும். அதில் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் உட்பக்கம் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் விரியாது. அந்த இழுபறியில் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கொட்டிவிட்டு அப்புறம் தேநீர் ஊற்றுங்கள். போரோசிலிகேட் கண்ணாடி இந்தச் சூட்டு மாற்றத்தை நன்றாகவே தாங்கும். ஃபிளாஸ்க்குக்கும் வெந்நீர் விட்டு அலசும் பழைய பழக்கம் சரியானதுதான்.

ஃபிளாஸ்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது வெள்ளிப் பூச்சுப் பூசிய, மிக மெல்லிய இரட்டைச் சுவர்க் கண்ணாடி. இரண்டு சுவருக்கும் நடுவில் காற்று கிடையாது. அதனால் உடையும்போது "டப்" என்று சத்தத்தோடு உள்வாங்கி, இலை போன்ற சில்லுகளாகச் சிதறும். வெளிக்கூடு அப்படியே இருப்பதால் உடைந்ததே சில நேரம் தெரியாது. ஆட்டினால் சலசலவென்று கேட்டாலோ, ஊற்றும்போது பானத்தில் மினுக்கு தெரிந்தாலோ ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள். வடிகட்டிக் குடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. சில்லு வடிகட்டியின் கண்ணைவிடச் சிறியதாக இருக்கும். உள்ளிருக்கும் கண்ணாடியைக் கொட்டி எடுக்க முயலாமல் மூடியைத் திருகி இறுக்கி, ஃபிளாஸ்க்கோடு சேர்த்தே எறியுங்கள். தோட்டத்து வேலைக்கும் பள்ளிக்கும் எடுத்துப்போக எவர்சில்வர் ஃபிளாஸ்க்தான் என் யோசனை.

சமைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கண்ணாடி உடைந்தது. சோற்றை எறிய வேண்டுமா?

மூடியிருந்த பாத்திரம் என்றால் மூடியை வெளிப்பக்கம் துடைத்தபின் திறங்கள், சாப்பிடலாம். திறந்திருந்த சோறு, குழம்பு, மாவு, பால் எல்லாம் போய்த்தான் ஆக வேண்டும். மனசு கேட்காது, தெரியும். ஆனால் சில்லு மேலாக மட்டும்தான் இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

குரங்கு உள்ளே வந்து ஊறுகாய் ஜாடியை உடைத்துவிட்டது. என்ன செய்வது?

விரட்டாதீர்கள். அது வந்த சன்னலைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். மிரண்டால் சில்லுகள்மேல் ஓடும், கையில் கிடைத்ததைத் தள்ளிவிடும், கடிக்கவும் செய்யும். அது போனபிறகு சிந்திய ஊறுகாயையும் சில்லையும் ஒன்றாக அள்ளுங்கள். பிரிக்க வேண்டாம். குரங்கு கடித்திருந்தாலோ கீறியிருந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசி இதற்கும் தேவைப்படும்.

காலில் குத்திவிட்டால்?

மேலாகத் தெரியும் சிறு சில்லு என்றால் கையையும் காயத்தையும் சோப்பால் கழுவிவிட்டு, சுத்தமான இடுக்கியால் குத்திய திசையிலேயே இழுத்து எடுங்கள். ஆழமாகப் போனதையோ பெரிய துண்டையோ பிடுங்காதீர்கள். அது உள்ளே இருக்கும்வரை இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். துண்டைச் சுற்றி இரண்டு பக்கமும் துணியை அணைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துண்டு எதுவும் உள்ளே இல்லாத வெட்டு என்றால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி வரும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

இரத்தம் பீய்ச்சினாலோ, விரலை மடக்க முடியாமல் போனாலோ, மரத்துப்போனாலோ உடனே 108. மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். எஸ்டேட் உள்ளே இருப்பவர்கள் காயப்பட்டவரை மெயின் ரோடு வரை ஜீப்பில் கொண்டுவர முடியுமா என்பதை 108-இல் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டி.டி. ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். அழுக்கான, ஆழமான காயம் என்றால் 5 ஆண்டு தாண்டியிருந்தாலே போடச் சொல்வார்கள்.

அள்ளிய கண்ணாடியை எங்கே போடுவது?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள், நான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிற கேள்வி.

பாலிதீன் பையில் போட்டுக் குப்பைத்தொட்டியில் தள்ளினால் நம் வீடு சுத்தம். அந்தப் பையைக் கையால் பிரிக்கப் போகிறவர் தூய்மைப் பணியாளர். பின்பக்கச் சரிவில் எறிந்தால் அது தேயிலைச் செடிக்குள் போய்க் கிடக்கும்; கொழுந்து பறிக்கிறவர்கள் அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் நாளெல்லாம் நடக்கிறார்கள். ஓடையில் போட்டால் ஒரு மழைக்கு ஊரைத் தாண்டிப் போகும். குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் போய்ச் சேருவது தெரிந்ததுதானே.

இன்னொரு பக்கம் காட்டு உயிர்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டெருமை வீட்டு வாசலிலேயே நிற்கிறது. யானையின் கால் பார்க்கத்தான் தூண், பாதத்தின் அடிப்பகுதி மெத்தென்றுதான் இருக்கும். சில்லு ஏறினால் புண் புரையோடி, நடக்க முடியாமல் செத்தும் போகலாம். காடுகளில் எறியப்பட்ட மதுப் பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகுதான் 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. அது முழுப் பாட்டிலுக்கு. உடைந்ததற்கு நாம்தான் பொறுப்பு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சில்லுகளை நாளிதழில் நாலைந்து மடிப்புச் சுற்றி, பழைய பெயிண்ட் டப்பாவிலோ பிஸ்கட் தகர டின்னிலோ போட்டு மூடி ஒட்டுங்கள். மேலே பெரிய எழுத்தில் "உடைந்த கண்ணாடி" என்று எழுதுங்கள். மட்கும் குப்பையோடு சேர்க்காமல், பணியாளர் வரும்போது வாயால் சொல்லிக் கையில் கொடுங்கள். மாதத்துக்கு ஒரு டப்பா என்று சேர்த்து வைத்தும் கொடுக்கலாம். பழைய இரும்புக்கடைக்காரர் பாட்டில் கண்ணாடியை எடுப்பார். முகம் பார்க்கும் கண்ணாடி, பல்பு, ஃபிளாஸ்க், அடுப்புக் கண்ணாடி இவை வேறு வகை, அதோடு கலக்கக் கூடாது.

எண்ணெய் கொட்டிவிட்டது. வழுக்குகிறது.

தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்றால் கோதுமை மாவு, தவிடு, மரத்தூள், ஆறிய சாம்பல் எதையாவது தூவிப் பத்து நிமிடம் விட்டு அட்டையால் வழித்தெடுங்கள். அப்புறம் சோப்புப் போட்ட வெந்நீர். தேங்காய் எண்ணெய்க்கு நம் ஊர்க் குளிர் உதவி செய்யும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். சும்மா சற்று நேரம் விடுங்கள், தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

எண்ணெய் ஊறிய மாவையும் காகிதத்தையும் ராத்திரி வெளியே வைக்காதீர்கள். கரடிக்கு எண்ணெய் வாசம் என்றால் போதும். கோயிலில் விளக்கு எண்ணெயைத் தேடி வருகிற கரடி உங்கள் கொல்லைக்கும் வரும். விடியும்வரை வீட்டுக்குள் மூடிய டப்பாவில் இருக்கட்டும்.

தைலம் பாட்டில் உடைந்தால்?

நீலகிரித் தைலம் மருந்துதானே என்று அலட்சியமாக இருக்கிறோம். அது தீப்பிடிக்கும், தரையை வழுக்க வைக்கும், கண்ணில் பட்டால் எரியும். முதலில் அடுப்பையும் கரி அடுப்பையும் சாமி விளக்கையும் அணையுங்கள். சன்னலைத் திறங்கள், குளிர் அடித்தாலும் பரவாயில்லை. காகிதத்தால் உறிஞ்சி, அதை உடனே வீட்டுக்கு வெளியே மூடிய டின்னில் போடுங்கள். வார்னிஷ் பூசிய மரச்சாமான்மேல் விட்டுவைத்தால் பூச்சு போய்விடும்.

குழந்தை குடித்துவிட்டால் அது அவசரம். ஒரு டீஸ்பூன் அளவே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கக்கூடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்ணெண்ணெய்க்கும் இதே விதிதான். இரண்டையும் தண்ணீர்ப் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

வெந்நீர் காலில் கொட்டினால் ஐஸ் வைக்கலாமா?

ஐஸும் வேண்டாம், பேஸ்ட்டும் வேண்டாம், மையும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் சூடு குறைவு என்று நினைக்கக் கூடாது, தோலுக்கு அதுவே தாராளம். இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று: டிசம்பரில் குழாய்த் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். வெந்த இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்தி வையுங்கள். குழந்தைகள் சீக்கிரம் விறைத்துப்போவார்கள். மோதிரம், கொலுசு, சாக்ஸ் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். முகம், கை, மர்ம உறுப்பு, குழந்தையின் உடம்பில் எங்கு பட்டிருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் உருண்டோடுகிறது. தொடலாமா?

தொடாதீர்கள், பெருக்காதீர்கள், வேக்குவம் கிளீனர் போடாதீர்கள். பெருக்கினால் ஒரு பாதரச மணி நூறு மணியாகும், வேக்குவம் போட்டால் ஆவி அறை முழுக்கப் பரவும். பாதரசத்தில் ஆபத்தானது அந்த ஆவிதான். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. குளிர்ந்த அறையில் மெதுவாக ஆவியாகும், ஹீட்டரோ கரி அடுப்போ இருந்தால் வேகமாக. அவற்றை முதலில் அணையுங்கள்.

குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்புங்கள். உள்கதவைச் சாத்திவிட்டு வெளிச் சன்னலைத் திறங்கள். தங்க மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பாதரசம் தங்கத்தில் ஒட்டினால் தங்கம் கெடும். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு அட்டைகளால் மணிகளை ஒன்றாக உருட்டிச் சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சாலோ மருந்துச் சொட்டியாலோ உறிஞ்சி, மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். பொடி மணிகளை ஒட்டுநாடாவில் ஒட்டி எடுங்கள். பயன்படுத்திய அட்டை, நாடா, சிரிஞ்சு, கையுறை எல்லாம் அதே டப்பாவுக்குள். சிங்க்கில் ஊற்றவும் வேண்டாம், பட்ட துணியை மிஷினில் போடவும் வேண்டாம். குழந்தை உடைந்த முனையிலிருந்து கொஞ்சம் விழுங்கிவிட்டால் பாதரசம் குடல் வழியே உடம்பில் அதிகம் ஏறாது, கண்ணாடித் துண்டு உள்ளே போயிருக்கிறதா என்பதுதான் முதல் கவலை. டாக்டரிடம் காட்டுங்கள்.

டப்பாவின்மேல் "பாதரசம்" என்று எழுதி, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு ஆபத்தான வீட்டுக் கழிவாகக் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெர்மாமீட்டரை அப்படித்தான் வகைப்படுத்தின. இரும்புக்கடையில் கொடுக்கவே கூடாது. கொடைக்கானலில் நடந்தது நமக்குத் தெரியும். 2001-இல் அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பழைய சாமான் கிடங்கில் குவிந்து கிடந்தது வெளியே வந்தது. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. பக்கத்துப் பாம்பார் சோலைக் காடு வரைக்கும் போன அந்த நஞ்சைப் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை. ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் வாக்கில்தான். இருந்தாலும் அதை மண்ணில் போடும் உரிமை நமக்கு இல்லை. பாதரச தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால், உடையும் முன்பே கொடுத்துவிட்டு டிஜிட்டல் வாங்குங்கள்.

சி.எஃப்.எல். பல்பு, டியூப்லைட் உடைந்தாலும் சில மில்லிகிராம் பாதரசம் வெளிவரும். கால்மணி நேரம் அறையைத் திறந்துவிட்டு வெளியே இருங்கள், அப்புறம் அட்டையும் ஒட்டுநாடாவும்தான். எல்.இ.டி.யில் பாதரசம் இல்லை.

பாத்ரூமில் ஆசிட் கொட்டிவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவலாமா?

ஒருபோதும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சன்னலை அடைத்த சின்னக் குளியலறையில் சில நிமிடத்தில் மூச்சு முட்டும். ஏற்கெனவே கலந்துவிட்டால் கழுவ முயலாமல் வெளியே வந்துவிடுங்கள். ஆசிட் மட்டும் கொட்டினால் சமையல் சோடாவை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நுரை அடங்கியபின் நிறையத் தண்ணீர். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் என்பதால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கும். பேட்டரி ஆசிட் கசிந்தாலும் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு இதே முறைதான்.

மெத்தை நனைந்து மூன்று நாளாகக் காயவில்லை. கரி அடுப்பு வைத்து உலர்த்தலாமா?

அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். உலர்த்தவும் வேண்டாம், குளிர்காயவும் வேண்டாம். துண்டால் அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுத்து, மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி, மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். வெயில் வந்த அன்றைக்கு வெளியே போடுங்கள். பூஞ்சை கருப்பாக உள்ளே ஏறிவிட்டால் அந்த மெத்தையைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா காலையில் வந்து எடுத்துக்கொள்வார் என்று விட்டுவிடலாமா?

உடைத்தவர் வீட்டில் இருக்கும்போது அவருக்காகக் காத்திருப்பது நியாயமில்லை. முடியாத நிலை என்றால் அந்த இடத்தின்மேல் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, அவர் உள்ளே நுழையும் முன்பே "அக்கா, இங்கே ஃபிளாஸ்க் உடைஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். என்ன உடைந்தது, எதுவரை தெறித்தது என்பதையும் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரச் சொல்லுங்கள். கனமான கையுறையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். கையில் வெட்டு விழுந்தால் டி.டி. ஊசிக்கும் பஸ்ஸுக்கும் அன்றைய கூலிக்கும் ஆகிற பணம் உங்களுடையது. பாதரசம், ஆசிட் இரண்டையும் அவரிடம் விடவே வேண்டாம்.